முள்ளெலி முட்டையும் என் பிரதட்டையும்

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். எனக்குப் பேனா பிடித்துப் பழக்கமில்லை. பலெர்மோவில் ஸ்கோலா மேதியா, அதாவது நடுநிலைப் பள்ளி, முடிகிற வருடத்தில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் கைவிட்டுவிட்டோம் (இரண்டு பக்கமும் நிம்மதிதான்). அதோடு, இந்தக் கதையை இங்கே ஏற்கெனவே எல்லோரும் சொல்லித் திரிகிறார்கள். பலெர்மோவின் சீசாப் பகுதியில் பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்குக்கூடத் தெரியும். ஆனால் அவர்கள் சொல்கிற கதையில் கடைசியில் நான் அழுததாக வருகிறது. நான் அழவில்லை. கண்ணுக்குள் மண் போனது. அதைத் திருத்துவதற்காகத்தான் எழுதுகிறேன்.

கதை என்னுடையது இல்லை, அன்ரனுடையது. அன்ரன் என் சிநேகிதன். மன்னார்க்காரன், வேதக்கார (கிறிஸ்தவ) வீடு. பலெர்மோவில் மாடிவீடுகளுக்குப் படிக்கட்டுக் கழுவுகிற வேலை. அவன் ஒரு நாளில் பேசுகிற சொற்களை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடலாம், மேலே நாலு குச்சிக்கும் இடமிருக்கும். நான் அதற்கு நேர் எதிர். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறேன். சனி ஞாயிறுகளில் என் பழைய கமெராவோடு சாமத்தியவீடு, ஞானஸ்நானம் என்று படம் எடுக்கப் போவேன். படம் சுமாராகத்தான் வரும். ஆனால் எல்லோரும் சிரித்தபடி இருப்பார்கள். சிரிக்கும்வரை நான் விடமாட்டேன்.

அன்ரனுக்கு மெல்போர்னில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் டிலானி, அங்கேயே பிறந்து வளர்ந்தவள். தாய் பிலோமினா அன்ரி. டிலானிக்கு அதற்கு முன்னால் பேசிய மாப்பிள்ளை தன்னை எஞ்சினியர் என்று சொல்லி, மோதிரம் மாற்றுகிற அளவுக்கு வந்தபிறகு எஞ்சின் இருந்த இடம் பெட்ரோல் ஸ்டேசன் என்று தெரியவந்ததாம். அதிலிருந்து பிலோமினா அன்ரிக்கு ஒரே ஒரு நிபந்தனை. வீடு வேண்டாம், படிப்பு வேண்டாம். பொய் சொல்லாத பெடியன் வேண்டும். அன்ரனின் அம்மா இதைப் பலெர்மோ முழுக்கச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்கும் வந்து, என் மூக்குக்கு நேரே விரலை நீட்டிச் சொன்னா.

"தம்பி கஜன், என்ரை பிள்ளை பொய் சொல்லமாட்டான். நீ அவனுக்குக் கிட்ட நிண்டு ஒண்டும் சொல்லாமல் இருந்தால் காணும்."

ஓம் என்றேன். அது அந்த வருடத்தில் நான் சொன்ன முதலாவது பொய்.

டிலானியின் முதல் செய்தி வந்தபோது அன்ரன் ஒரு மாடிவீட்டின் படிக்கட்டில் வாளியோடு உட்கார்ந்திருந்தான். டிலானி தமிழ் நன்றாகக் கதைப்பாள், எழுதுவது மட்டும் ஆங்கில எழுத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குப் போய் எகிட்னா என்கிற மிருகத்தைப் படம் எடுப்பதுதான் தனக்குப் பொழுதுபோக்கு, உங்களுக்கு மிருகங்கள் விருப்பமோ என்று கேட்டு ஒரு படமும் அனுப்பியிருந்தாள். அன்ரன் போனை என் பக்கம் திருப்பினான்.

"என்ன எழுதுறது?"

"ஓம் எண்டு எழுது."

"ஓம் எண்டால் சின்னனாய்க் கிடக்கு."

"பெரிசாய் எழுத வருமோ உனக்கு?"

"வராது."

"அப்ப இஞ்சை தா."

எங்கள் பெடியளுக்குள் இது வழமை. வெளிநாட்டில் பெண் பேசினால் பாதி ஊர்ப் பெடியளுக்குக் காதல் கடிதம் எழுதுவது வேறு யாரோதான். கலியாணம் முடிந்தபிறகுதான் மணமக்கள் முதல்முறையாகக் கதைக்கிறார்கள்.

படத்தைப் பார்த்தேன். உருண்டை உடம்பு, முதுகு நிறைய முள், முன்னால் கொஞ்சம் நீளமான மூக்கு. சிசிலியில் முதுகில் முள்ளோடு தரையில் திரிகிற சின்ன உருப்படி என்றால் ரிச்சோ, அதாவது முள்ளெலி. எங்கள் வீட்டு முற்றத்திலேயே ஒன்று இருந்தது. மூக்கு மட்டும் கொஞ்சம் ஓவர். ஆஸ்திரேலியாவில் எல்லாமே பெரிசுதானே என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்: "எனக்கும் மிருகமெண்டால் உயிர். இது இஞ்சை நிறைய இருக்கு. எங்கடை முற்றத்திலை பூனைச் சாப்பாடு களவெடுக்கிறது இதுதான்."

பதில் உடனே வந்தது. "உண்மையாவோ? இது ஆஸ்திரேலியாவிலையும் நியூ கினியிலையும்தான் இருக்கு எண்டு படிச்சனாங்கள். இது முட்டை போட்டுப் பால் குடுக்கிற மிருகம் எல்லோ."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பால் கொடுக்கிற மிருகம் முட்டை போடுமாம். பெட்டை எங்களைப் பேயன்கள் என்று நினைத்துப் பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். பகிடிக்குப் பகிடிதான் மரியாதை. "எங்கடையும் முட்டை போடும். நேற்றும் கண்டனாங்கள்" என்று தட்டிவிட்டேன்.

"படம் அனுப்புவீங்களோ?" என்று வந்தது.

அன்ரன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தும்புத்தடியை வாளிக்குள் அமுக்கிப் பிழிந்தான். அவ்வளவுதான். எனக்கென்னவோ அவன் என் கழுத்தைப் பிழிவது போலிருந்தது.

எங்கள் முற்றத்து முள்ளெலியின் பெயர் பெப்பே. பெயர் வைத்தது கீழ்வீட்டு சிஞோரா பினா. பூனைகளுக்குச் சாப்பாடு வைப்பா, பெப்பே இருட்டுகிற நேரம் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும். நான் சந்தையில் காடை முட்டை வாங்கிவந்து, சுவர் ஓரமாகக் காய்ந்த புல்லைப் பரப்பி, அதற்கு மேல் முட்டைகளை வடிவாக அடுக்கி, பெப்பேயைத் தூக்கி (தோய்க்கிற கையுறை போட்டுத்தான்) பக்கத்தில் விட்டேன். பெப்பே முட்டையை மணந்தது. முகத்தைச் சாய்த்து முட்டையோடு அணைத்தது. நான் ஒரே ஒரு படம் எடுத்தேன். படத்தில் அப்படியொரு தாய்ப்பாசம். அடுத்த நொடியே பெப்பே அந்த முட்டையை உடைத்துக் குடித்துவிட்டது. முள்ளெலிக்கு முட்டை என்றால் உயிர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

படம் போனது. கன நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது.

"என்ன வடிவு. இது தாயோ?"

"ஓம், தாய்" என்று எழுதினேன். (பெப்பே ஆண். சிசிலியில் பெண்ணுக்கு யாரும் பெப்பே என்று பெயர் வைப்பதில்லை.)

"செப்டெம்பரிலை அம்மாவும் நானும் பலெர்மோவுக்கு வாறம். சாந்தா ரொசாலியா மலைக்கு ஏற அம்மாவுக்கு நேர்த்திக்கடன். உந்த மிருகத்தை நேரிலை காட்டுவீங்களோ? மலையிலையும் இருக்குமோ?"

நான் எழுதியது, கடவுளறிய: "மலையிலைதான் நிறைய."

அன்று இரவு யூரியூப்பில் எகிட்னா என்று தேடினேன். ஒரு மணித்தியாலம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க என் தலைமுடி முள்ளாக நின்றது. அது உண்மையிலேயே முட்டை போடுகிறது. உண்மையிலேயே பால் கொடுக்கிறது. உலகத்திலேயே அதுவும், வாத்து அலகோடு ஆற்றில் நீந்துகிற பிளாட்டிபஸ் என்கிற இன்னொன்றும் மட்டும்தான் இரண்டையும் செய்கின்றன. பெட்டை பகிடி விடவில்லை. பகிடி விட்டது நான், அதுவும் அன்ரனின் பெயரில், பொய் சொல்லாத பெடியன் தேடி வருகிற தாய்க்கு முன்னால்.

அடுத்த நாள் விடிய ஓடிப்போய் அன்ரனைப் பிடித்தேன்.

"மச்சான், உண்மையைச் சொல்லிப்போடுவம்."

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"இப்ப சொன்னால் அன்ரி ரிக்கெற்றைக் கிழிச்சுப்போடுவா. மலைக்கு ஏறட்டும், பாப்பம்."

அன்ரன் ஒரே மூச்சில் இவ்வளவு சொற்கள் பேசியதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பயத்தில் பேசுகிறான் என்று நினைத்து எனக்கு நெஞ்சு உருகியது. உனக்காக நான் எதையும் செய்வேன் மச்சான் என்று அவன் தோளைக் கட்டிப்பிடித்தேன். அவன் ஓம் என்றான்.

நான் போட்ட திட்டம் இதுதான். பெப்பேயை ஒரு பைக்குள் வைத்து மலைக்குக் கொண்டுபோவது. டிலானி பார்க்காத நேரம் அன்ரன் அதைப் பற்றைக்குள் விடுவான். நான் கமெராவோடு படுத்திருந்து "அந்தா போகுது" என்று தூரத்திலிருந்து காட்டுவேன். முள்ளுத் தெரியும், முட்டை தெரியாது, சனமும் நெரிசலும். டிலானி திருப்தியோடு மெல்போர்ன் போவாள். பெப்பேயைப் பிடித்துப் பின்னேரம் சிஞோராவின் முற்றத்தில் திரும்ப விடுவோம். கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செப்டெம்பரில் அவர்கள் வந்தார்கள். பிலோமினா அன்ரி கட்டையான, கண்டிப்பான மனுசி. கையைக் கொடுத்தபடியே ஆளின் கண்ணுக்குள் பார்ப்பா, சுங்க அதிகாரி பெட்டிக்குள் பார்க்கிற மாதிரி. டிலானி உயரம், கழுத்தில் என் கமெராவைவிட மூன்று மடங்கு பெரிய கமெரா. என்னைக் கண்டதும் சொன்னாள்:

"கஜன் அண்ணா எண்டால் நீங்கள்தானோ? உங்களைப் பற்றி அன்ரன் நிறையச் சொன்னவர்."

அன்ரன் நிறையச் சொன்னானா? எனக்கு அப்போதே மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

மலை ஏறுகிற நாள் விடிகாலையிலேயே சனம் கூடிவிட்டது. எங்கள் ஆட்கள் சைவமும் வேதமும் பார்க்காமல் பலெர்மோவின் காவல் புனிதையான ரொசாலியாவிடம் போகிறவர்கள். வெறுங்கால், மெழுகுதிரி, பூமாலை. கல் பாவிய பழைய பாதையில் வளைந்து வளைந்து ஏறுவோம். சிசிலிக்காரரும் வருவார்கள். கீழே கடல், பக்கத்தில் பைன் மரங்கள், நடுவில் எங்கள் ஊர் அன்ரிமார் கத்தரிக்காய் விலை கதைத்தபடி. என் முதுகுப் பையில் அன்ரியின் மெழுகுதிரிகளும், அடியில் ஒரு கூடைக்குள் துவாய் சுற்றிப் பெப்பேயும்.

கொஞ்சத் தூரம் ஏறியபிறகு திரும்பிப் பார்த்தேன். டிலானிக்குப் பின்னால் ஒரு வரிசை. மெல்போர்னில் இருந்து கலியாணம் முடிக்காத பெட்டை வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, பலெர்மோவில் கலியாணம் முடிக்காத பெடியள் எல்லோரும் அன்றைக்குத் திடீரென்று பக்திமான்களாகிவிட்டார்கள். நகரத்தின் மறுகோடிப் பிரான்காச்சோவில் இருந்துகூட வந்திருந்தார்கள். ஒருத்தனுக்குப் பின்னால் ஒருத்தன், தலைமயிருக்கு எண்ணெய் வைத்து, அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து.

டிலானியும் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

"எகிட்னாவும் இப்பிடித்தான் அண்ணா. குளிர்காலத்திலை பொம்பிளை எகிட்னா ஒண்டு நடந்து போகும். பின்னாலை ஆம்பிளையள் வரிசையாய், மூக்கும் வாலும் முட்ட, கிழமைக்கணக்காய்த் திரிவினம். நாங்கள் அதை ரெயின், புகையிரதம் எண்டு சொல்லுவம்."

"பிறகு?"

"அதிலை பொறுமையாய் நிக்கிற ஒருத்தருக்குத்தான் கடைசியிலை சரிவரும்."

அன்ரன் தலையைக் குனிந்தான். காது சிவந்துபோயிருந்தது.

"உங்கடை மலை எகிட்னாவும் உப்பிடிப் போகுமோ?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓம் ஓம். இஞ்சை சந்தியிலை நிண்டு போகும்" என்றேன்.

"அதுக்குப் பால் எங்கையிருந்து வரும்?"

யூரியூப்பில் அந்த இடத்தை நான் தாண்டிவிட்டிருந்தேன். "ஆட்டுக்கு வாற மாதிரித்தான்" என்றேன்.

"ஓ. எங்கடையிலை முலைக்காம்பே இல்லை. வயித்துத் தோலாலை வேர்வை மாதிரிக் கசியும், குட்டி நக்கிக் குடிக்கும். இத்தாலியிலை முன்னேறியிருக்கு போலை."

அவள் சீரியஸாகவே தலையாட்டினாள். நான் வேர்த்தேன். எனக்கும் வயித்துத் தோலால்தான்.

ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குக் கிட்ட, பாதை கொஞ்சம் சமமாகிற இடத்தில் நிறையப் பற்றை. அன்ரி களைத்துப் பின்னால் பெண்களோடு வந்துகொண்டிருந்தா. இதுதான் நேரம் என்று அன்ரனுக்குக் கண்ணைக் காட்டி, பையைக் கழற்றிக் கொடுத்தேன்.

"இஞ்சைதான் வழக்கமாய் நிக்கும்" என்றேன் டிலானியிடம்.

"அப்ப நீங்கள் குப்புறப் படுங்கோ அண்ணா."

"என்னத்துக்கு?"

"எகிட்னாவுக்குக் காலடி அதிர்வு நிலத்தாலை கேக்கும். நடந்தால் சுருண்டிடும். படம் எடுக்கிற ஆக்கள் நெஞ்சு நிலத்திலை படப் படுத்து, மூச்சையும் மெல்லமாய் விட்டுக்கொண்டு கிடப்பம். கன நேரம் கிடந்தால் அதுவாய் வந்து கையை மணந்து பாக்கும். அசையக் கூடாது, கதைக்கக் கூடாது. நானும் அன்ரனும் மற்றப் பக்கத்தாலை சுத்தி வாறம்."

படுத்தேன். பாதை ஓரத்துக் கல்லில், கை இரண்டையும் முன்னால் நீட்டி, கமெராவைப் பற்றைப் பக்கம் பிடித்து. சட்டைக்குள் பைன் ஊசி ஏறியது. எறும்புகளும் வந்தன. எகிட்னா எறும்பு தின்னும் என்று நான் யூரியூப்பில் பார்த்திருந்தேன். இங்கே எறும்பு என்னைத் தின்றது. அன்ரன் வருவான், பெப்பேயை விடுவான் என்று காத்துக் கிடந்தேன். அன்ரன் வரவில்லை. வந்தது பிலோமினா அன்ரியும் பின்னால் வந்த பெண்களும்.

காலடிகள் என் தலைமாட்டில் நின்றன.

"ஆர் இது? எங்கடை கஜன் தம்பியோ?"

நான் அசையவில்லை. கதைக்கக் கூடாதே.

"தம்பி, நேர்த்தியோ?"

யோசித்துப் பாருங்கள். அந்த மனுசியிடம், இல்லை அன்ரி, முள்ளெலிக்காகப் படுத்திருக்கிறேன் என்று சொல்வதா? "ஓம் அன்ரி" என்றேன், மண்ணுக்குள் வாயை வைத்தபடி.

அந்த ஓமோடு என் கதை முடிந்தது. பின்னாலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி குரல் கொடுத்தா:

"உவன் பிரதட்டை அடிக்கப் படுத்திருக்கிறான். நல்லூரிலை அடிக்கிற மாதிரி. கமெராவை வாங்குங்கோ, சேட்டைக் கழட்டுங்கோ. சேட்டோடை ஆர் பிரதட்டை அடிக்கிறது?"

நல்லூர்த் திருவிழாவில் ஆண்கள் வெறும் மேலோடு கோயில் வீதியைச் சுற்றி உருண்டு வருவார்கள். அதுதான் பிரதட்டை. அதற்கு அங்கே மணல் வீதி. எனக்குக் கிடைத்தது சிசிலியின் கருங்கல். டிலானிக்குப் பின்னால் ரெயினாக வந்த பெடியளுக்கு என்ஜின் எங்கேயோ போய்விட்டதால் வேறு வேலை இல்லை. எல்லோரும் பாய்ந்துவந்தார்கள். ஒருத்தன் என் சட்டையை உருவினான். ஒருத்தன் கமெராவை வாங்கிக்கொண்டான் (வாங்கி வீடியோவையும் தட்டிவிட்டான், பாவி). யாரோ போத்தல் தண்ணீரை முதுகில் ஊற்றினார்கள். அன்ரி தன் பூமாலையை என் கழுத்தில் போட்டா. அவ கண் கலங்கியிருந்ததை நான் பக்கவாட்டில் பார்த்தேன்.

"இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு பிள்ளை" என்றா. "ஆருக்காகத் தம்பி நேர்த்தி?"

"அன்ரனுக்காக" என்றேன். அது உண்மைதான், பாருங்கள். அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

உருண்டேன். சமமான இடம் என்று சொன்னேனே, உருளும்போதுதான் அது சமமில்லை என்று தெரிந்தது. இரண்டு சுற்று மேலே போனால் ஒரு சுற்றுக் கீழே வந்தேன். பெடியள் கீழ்ப்பக்கம் வரிசையாக நின்று காலால் என்னை அண்டக் கொடுத்தார்கள், பீப்பாய்க்குக் கட்டை வைக்கிற மாதிரி. ஒரு பக்கம் அரோகரா, ஒரு பக்கம் செபமாலை. ஒரு வயதான சிசிலிக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு "பிராவோ, பிராவோ" என்றபடி கூடவே நடந்தார். வானம், கல், வானம், கல், ஒரு அன்ரியின் கால் விரல், வானம். நடுவில் எங்கேயோ கண்ணுக்குள் மண் போனது. மறுபடி சொல்கிறேன், மண்.

கோயில் படியடியில் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். உலகம் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. அது நின்றபோது முதலில் தெரிந்தது அன்ரனும் டிலானியும். படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கிரனீத்தா என்கிற ஐஸ் சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் பை. பையின் வாய் காற்றுக்குப் பாதி திறந்திருந்தது, உள்ளே ஒரு போத்தல் மூடியில் தண்ணீர் இருந்தது. அந்த நிலையிலும் அதைக் கவனித்தேன், என்ன என்று யோசிக்கத்தான் தலை நிற்கவில்லை.

"மெழுகுதிரியைத் தாங்கோ, இந்தப் பிள்ளைக்காக நான் ஒண்டு கொளுத்தப்போறன்" என்று அன்ரி வந்து பைக்குள் கையை விட்டா.

கை வெளியே வந்தது. அன்ரி விரலைப் பார்த்தா. பிறகு பையை மெல்லத் திறந்து உள்ளே பார்த்தா. உள்ளேயிருந்து பெப்பே அன்ரியைப் பார்த்தது.

"இது என்ன?"

டிலானி அமைதியாகச் சொன்னாள்:

"அம்மா, அதுதான் முட்டை போடுற மிருகம். அன்ரன் படம் அனுப்பினவர் எல்லோ."

அன்ரி படத்தை நினைவுபடுத்துகிறா என்று முகத்தில் தெரிந்தது. பிறகு, மெல்போர்னில் பக்கத்து வீட்டு வளவில் எத்தனையோ தடவை எகிட்னா பார்த்த மனுசி என்பதும் தெரிந்தது. அவவுடைய கண் அன்ரன் மேல் திரும்பியது. சுங்க அதிகாரி. அன்ரனின் அம்மா விரலை நீட்டிச் சொன்னது எனக்குள் கேட்டது. இனி ஒரு நிமிசம் பேசாமல் இருந்தால் சம்பந்தம் போய்விடும்.

"அன்ரி," என்றேன், மாலையும் சேறுமாக, அரை நிர்வாணமாக. "அது முள்ளெலி. எங்கடை முற்றத்து முள்ளெலி. முட்டை காடை முட்டை. பேர் பெப்பே. எழுதினது முழுக்க நான். அன்ரனுக்குத் தெரியாது. தெரியும், ஆனால் அவன் எழுதேல்லை. நான் பிரதட்டையும் அடிக்கேல்லை. நான் படுத்திருந்தது உதுக்காக."

கூட்டத்தில் அரோகரா நின்றது. சிசிலிக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

அன்ரி அன்ரனிடம் கேட்டா. "தம்பி, நீர் எனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது பொய் சொன்னனீரோ?"

"இல்லை அன்ரி."

"ஒண்டும்?"

"ஒண்டும் இல்லை."

அன்ரி என்னை மேலிருந்து கீழே பார்த்தா. சிராய்த்த முழங்கை, முதுகில் பைன் ஊசி, கழுத்தில் தன்னுடைய மாலை. அவவுடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அடக்கப் பார்த்தா, முடியவில்லை.

"பொய் சொன்னது இவன். மாப்பிள்ளை இவன் இல்லை. அது காணும் எனக்கு."

பிறகு அவ சிரித்த சிரிப்பில் குகைக் கோயிலுக்குள் செபித்துக்கொண்டிருந்த ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். டிலானி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்ரன்கூடச் சிரித்தான், கிரனீத்தா மூக்கால் வந்தது.

அந்தப் படியில் வைத்துத்தான் டிலானி எனக்கு உண்மையான பாடம் எடுத்தாள். தன் கமெராவில் படம் படமாகக் காட்டினாள். முட்டை திராட்சைப்பழம் அளவாம், ஓடு இல்லை, தோல் மாதிரி மெத்தென்று இருக்குமாம். தாய் அதை வயிற்றுப் பைக்குள்ளேயே வைத்திருக்கும். அதனால் புல்லில் அடுக்கின முட்டையோடு எகிட்னாவை இந்த உலகத்தில் எவனும் படம் எடுத்ததில்லை, நான் ஒருத்தன்தான். பின்னங்கால் பின்பக்கம் பார்த்திருக்கும், மண் தோண்ட. பள்ளிக்கூடத்தில் இப்படி யாராவது சொல்லியிருந்தால் நான் ஓடிவந்திருக்கமாட்டேன் என்று நினைத்தேன். (ஓடித்தான் வந்திருப்பேன், ஆனால் கொஞ்சம் பிந்தி.)

பெப்பே அன்று பின்னேரமே முற்றத்துக்குத் திரும்பியது. சிஞோரா பினா என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. பெப்பே அன்று இரவே கதைத்தது, சாப்பாட்டோடு.

கலியாணம் மெல்போர்னில் நடந்தது. நான் மாப்பிள்ளைத் தோழன். அடுத்த நாள் டிலானி என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனாள். மறுபடி குப்புறப் படுக்கச் சொன்னாள். சுற்றிலும் அன்ரிமார் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு படுத்தேன். கன நேரத்துக்குப் பிறகு இலைச் சருகுக்குள் ஒரு சரசரப்பு. முள்ளுப் பந்து ஒன்று ஆடி ஆடி, சறம் கட்டின கிழவர் நடக்கிற மாதிரி, நேரே என்னிடம் வந்தது. நீட்டு மூக்கை என் விரலில் வைத்து மணந்தது. ஈரமாக, குளிராக இருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்குப் பகிடி விட ஒன்றும் வாயில் வரவில்லை. எடுத்த படத்தில் என் கட்டைவிரல்தான் தெரிகிறது. சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

இப்போது இரண்டு வீட்டிலும் யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "உது காடை முட்டையோ?" என்றுதான் கேட்கிறார்கள். பிலோமினா அன்ரி போனிலேயே கேட்பா. அன்ரனின் மகள் என்னை முட்டை மாமா என்று கூப்பிடுகிறாள், அவளுக்கு நான் வேறு பெயரே இல்லாத ஆள். அந்த வீடியோ இன்னும் ஒவ்வொரு செப்டெம்பரும் சுற்றுகிறது. பலெர்மோவுக்குப் புதிதாக வந்த பெடியள் என்னைக் கண்டால் காலால் அண்டக் கொடுக்கிற மாதிரி நிற்பார்கள்.

எல்லாவற்றையும் எழுதி முடித்து, உன் கலியாணத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடு இது, பிழை இருந்தால் திருத்து என்று அன்ரனுக்கு அனுப்பினேன். அரை நாள் கழித்துப் பதில் வந்தது:

"நீ முட்டைப் படம் எடுத்த அண்டைக்கே அவளுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன் மச்சான், நீ மலையிலை என்ன செய்யிறாய் எண்டு பாக்கத்தான் ரெண்டு பேரும் பேசாமல் இருந்தனாங்கள்."